'ரன்' என்னும் ஆங்கிலச் சொல்: பலபொருள் ஒருசொல் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் சிறுவன் முதலாண்டிலேயே கற்கும் வினைச்சொற்களுள் 'ரன்' என்பதும் ஒன்று. 'ஓடு' என்று ஆசிரியர் பொருள் உரைப்பர். மாணவனும் அவ்வாறே எழுதிக்கொள்வான். அவன் வளர்ந்து ஆங்கில நூல்களைப் பயிலும்போது இச்சொல் வேறு வேறு கோலங்களில் அவன்முன் வந்து நிற்கின்றது. ஆறு 'ரன்' செய்கின்றது, மூக்கும் செய்கின்றது. சாலை மலையடி வரைக்கும் 'ரன்' செய்கின்றது. நாடகம் ஈராண்டுக் காலம் 'ரன்' செய்கின்றது. ஒருவர் கடையை 'ரன்' செய்கின்றார். மற்றொருவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கு 'ரன்' செய்கின்றார். இளமையில் எழுதிக்கொண்ட ஒரு பொருள் இவ்விடங்களில் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் திருத்தப் பதிப்பில் இச்சொல்லின் வினை வடிவத்திற்கு மட்டும் 645 பொருள்கள் பகுத்துக் காட்டப்பட்டுள்ளன. இவ்வெண் 2011 ஆம் ஆண்டில் வெளிப்பட்டபொழுது பலரும் வியந்தனர். வியப்பு ஒருபுறமிருக்க, மொழியாராய்வார்க்கு இதன்கண் ஒரு வினா எழுகின்றது. 645 என்பது அச்சொல்லின் இயல்பைக் காட்டும் எண்ணா, அன்றி அகராதி செய்தாரது பகுப்பு முறையைக் காட்டும் எண்ணா? ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் என்று வரையறுத்தல் எவ்வாற்றான் இயலும்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடையின் ஒரு பகுதிக்கு நம் இலக்கண நூலார் வகுத்த நெறியும் துணை செய்கின்றமையின், அதனையும் இறுதியில் ஒப்பு நோக்குவாம்.

2. அகராதிகளில் இச்சொல்

சாமுவேல் ஜான்சன் 1755 இல் வெளியிட்ட அகராதியே ஆங்கிலச் சொற்களின் பொருள்களை எண்ணிட்டுப் பகுத்து, ஆன்றோர் நூல்களினின்றும் மேற்கோள் காட்டி விளக்கிய பேரகராதிகளுள் முன்னோடியாகும். அரிய சொற்களுக்குப் பொருள் எழுதுதல் அவர்க்கு இடர் தரவில்லை. எளிய சொற்களே இடர் தந்தன. நாள்தோறும் வழங்கும் சில வினைச்சொற்களின் பொருளை ஓரெல்லைக்குள் நிறுத்துதல் மிக அரிதென்று அவர் தம் முன்னுரையில் வருந்திக் கூறுகின்றார். அவ்வாறு அவர் பெயர் சுட்டி எண்ணும் வினைகளுள் 'ரன்' என்பதும் இடம்பெற்றுள்ளது.

இலண்டன் மொழிநூற் கழகத்தார் 1857 இல் தொடங்கிய முயற்சியின் பயனாக எழுந்தது ஆக்ஸ்போர்டுப் பேரகராதி. ஜேம்ஸ் மர்ரே முதன்மைப் பதிப்பாசிரியராக அமைந்தார். 1884 இல் முதற் பகுதி வெளிவந்தது. 1928 இல் நூல் முற்றுப்பெற்றது. மர்ரே 1915 இலேயே மறைந்தமையின் நூல் முற்றியதைக் கண்டாரல்லர். இவ்வகராதியின் நெறி வரலாற்று நெறி. ஒரு சொல் முதன்முதல் எந்நூலில் எப்பொருளில் வந்தது, பின்னர் எவ்வெப்பொருள் பெற்றது, எது வழக்கொழிந்தது என்பவற்றைக் காலமுறையில் நிறுத்திக் காட்டுதலே அதன் கொள்கை.

20 தொகுதிகளாக 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்னும் சொல்லே மிகப் பல பொருள்களைப் பெற்று முதலிடம் வகித்தது. அதற்குரிய பொருள்கள் 430 எனப்பட்டன. மூன்றாம் பதிப்பின் திருத்தப் பணி நடைபெறுங்கால் 2000 இல் 'மேக்' என்பதும், 2007 இல் 'புட்' என்பதும், 2011 இல் 'ரன்' என்பதும் ஒன்றையொன்று விஞ்சி முதலிடம் பெற்றன. 'ரன்' என்னும் ஒரு சொல்லைத் திருத்தி எழுதும் பணியைப் பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் மேற்கொண்டார். அதற்கு ஒன்பது திங்களுக்கு மேல் ஆயிற்று.

இந்நான்கும் ஓரசைச் சொற்கள், நாள்தோறும் வழங்குவன. இஃது எதிர்பாரா ஒற்றுமை அன்று. ஜார்ஜ் சிப்ஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1945 இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு சொல்லின் வழக்கு மிகுதிக்கும் அதன் பொருட்பெருக்கத்திற்கும் தொடர்புண்டு என்பதை எண்ணிக்கை கொண்டு காட்டினார். வழக்கு மிக மிகப் பொருளும் பெருகும். அப்பெருக்கம் ஏறத்தாழ வழக்கு மிகுதியின் வர்க்கமூல அளவினதாகும் என்பது அவர் கண்ட முடிபு. ஆகவே அகராதி செய்வார்க்குப் பெருந்தொல்லை தருவன அருஞ்சொற்கள் அல்ல. எளிய சொற்களே என்பது தெளிவாகும்.

3. சொல்லின் பிறப்பு

'ரன்' என்பது ஜெர்மானிய மொழிக் குடும்பத்திற்குரிய பழஞ்சொல். காதிக் மொழியில் 'ரின்னன்' என்றும், இற்றை ஜெர்மன் மொழியில் 'ரின்னன்', 'ரென்னன்' என இரு சொற்களாகவும் இது காணப்படுகின்றது. இவ்விரண்டனுள் முன்னது நீர் முதலியன ஒழுகுதலையும், பின்னது விரைந்தோடுதலையும் குறிக்கும். ஆங்கிலச் சொல்லிலோ இவ்விரு பொருளும் ஒருங்கே தங்கியுள்ளன. ஆகவே ஆற்றின் ஓட்டத்தை, மனிதன் ஓட்டத்தினின்றும் பிற்காலத்தார் உவமை கருதி ஆக்கிக்கொண்ட வழக்கு என எளிதில் முடிவு கட்டுதல் பொருந்தாது. அறியக் கிடைக்கும் பழங்காலத்திலேயே இரண்டும் உடன் நின்றன.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'இர்னன்' என்னும் வடிவில் பெருக வழங்கியது. ரகரமும் உயிரும் இடம் மாறி நின்ற வடிவம் இது. தமிழில் 'தசை' என்பது 'சதை' என்றும், 'விசிறி' என்பது 'சிவிறி' என்றும் எழுத்து நிலைமாறி வருதலை இதனோடு ஒப்பிடலாம். பின்னர் வடபுலத்து நார்ஸ் மொழியின் தாக்கத்தால் ரகரம் மீண்டும் முன்வந்து நின்றது. இன்றைய வடிவத்தின் உயிரொலி இறந்தகால வடிவங்களினின்றும் நிகழ்கால வடிவத்திற்குப் பரவியதாகும்.

பொருளாராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி மற்றொன்றுண்டு. பழைய ஆங்கிலத்தில் தன்வினைக்கு ஒரு வடிவமும், பிறவினைக்கு 'ஆர்னன்' என வேறொரு வடிவமும் இருந்தன. குதிரையை ஓடச் செய்தல், விரைந்து ஊர்தல் என்னும் பொருளில் பிறவினை வழங்கிற்று. காலப்போக்கில் இவ்வேறுபாடு மறைந்து ஒரே வடிவம் இரண்டிற்கும் பொதுவாயிற்று. தமிழில் 'ஓடு' எனத் தன்வினையும் 'ஓட்டு' எனப் பிறவினையும் வடிவால் வேறுபட்டு நிற்கின்றன. இவ்வேறுபாட்டை இழந்தமையால், தமிழில் இரண்டு சொற்கள் பகிர்ந்துகொள்ளும் பொருட்சுமையை ஆங்கிலத்தில் ஒரு சொல்லே தாங்க வேண்டியதாயிற்று. பொருட்பெருக்கத்திற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

4. பொருட்கிளைகள்

645 பொருளையும் ஈண்டு நிரல்படுத்தல் இயலாது; வேண்டுவதும் அன்று. முதன்மையான கிளைகளை மட்டும் காண்போம்.

(அ) கால்களால் விரைந்து செல்லுதல். இஃது உயிருள்ளவற்றின் செயல். ஆங்கிலம் பேசுவோர் இச்சொல்லைக் கேட்டவுடன் முதற்கண் நினைப்பது இப்பொருளேயாம். தப்பியோடுதல், பந்தயத்தில் ஓடுதல் என்பன இதனோடு ஒட்டியவை.

(ஆ) நீர்மப் பொருள் ஒழுகுதல். ஆறு, கண்ணீர், உருகிய மெழுகு ஆகியன இதற்கு எழுவாய்களாக வரும். துணியிலுள்ள சாயம் நீரிற் கரைந்து பரவுதலும் இக்கிளையினது. குழாயினின்றும் நீர் ஒழுகும்போது 'குழாய் ரன் செய்கின்றது' எனக் கொள்கலத்தின்மேல் ஏற்றிக் கூறும் வழக்கும் உண்டு. மூக்கொழுகுதல் இத்தகையதே. இடத்து நிகழ்பொருளின் தொழில் இடத்தின்மேல் ஏற்றப்படுகின்றது.

(இ) இடத்தே நீண்டு கிடத்தல். சாலை, வேலி, மலைத்தொடர், சுவரிலுள்ள பிளவு ஆகியவை அசைவன அல்ல. ஆயினும் அவற்றை 'ரன்' செய்வனவாகவே ஆங்கிலம் கூறும். அசையாத பொருளின்மேல் அசைவை ஏற்றிக் கூறும் இவ்வழக்கைப் 'புனைவு இயக்கம்' எனும் பெயரால் லெனர்டு டால்மி என்னும் அறிஞர் ஆராய்ந்துள்ளார். பொருள் அசையவில்லை, அதனைப் பார்ப்பவனது நோக்கே அதன் நீளத்தில் ஓடுகின்றது என்பது இதற்குரிய விளக்கம். தமிழிலும் 'சாலை மேற்கே செல்கின்றது' என்கின்றோம். ஆனால் பொதுவாகச் 'செல்' என்னும் வினையையே கொள்கின்றோம்.

(ஈ) பொறி இயங்குதல். கடிகாரம், எந்திரம், கணிப்பொறி என்பன இதன் எழுவாய்கள். நின்ற இடத்திலேயே பொறி இயங்குதலையும் இச்சொல் குறிப்பது கருதத்தக்கது. ஓரிடத்தில் அசையாது நிற்கும் காரின் எந்திரம் 'ரன்' செய்துகொண்டிருக்கலாம். இதில் இடப்பெயர்ச்சி முற்றிலும் நீங்கிற்று. இடையறாத தொழிற்பாடு என்னும் கூறு மட்டும் எஞ்சிற்று.

(உ) காலத்தே தொடர்தல். குத்தகை பத்தாண்டு 'ரன்' செய்யும், நாடகமும் அவ்வாறே. அகாதா கிறிஸ்டி எழுதிய 'எலிப்பொறி' என்னும் நாடகம் 1952 இல் இலண்டனில் தொடங்கி, 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் நிறுத்தப்படும் வரை தொடர்ந்து நடைபெற்றது. 2021 இல் மீண்டும் தொடங்கிற்று. இந்நீண்ட தொடர்ச்சியை ஆங்கிலத்தார் அந்நாடகத்தின் 'ரன்' என்பர். 'படம் நூறு நாள் ஓடிற்று' என்னும் தமிழ் வழக்கு இதனோடு ஒத்தது.

(ஊ) நடத்துதல். கடை, பள்ளி, அரசு முதலியவற்றை இயங்கச் செய்தல் இது. பழைய பிறவினைப் பொருள் இன்று புதிய செயப்படுபொருள்களைக் கொண்டு வாழ்கின்றது எனலாம்.

(எ) ஒரு நிலையை அடைதல். கிணறு வறண்டுபோதல், கையிருப்பு குறைந்துபோதல், கட்டுப்பாடற்றுத் திரிதல் ஆகியவற்றை 'ரன்' என்பதோடு ஒரு பெயரடையைச் சேர்த்து ஆங்கிலத்தார் கூறுவர். ஈண்டு வினையின் சொந்தப் பொருள் தேய்ந்து, 'ஆதல்' என்னும் அளவாய் நிற்கின்றது. தமிழில் 'வறண்டுபோயிற்று', 'கெட்டுப்போயிற்று' என்பனவற்றில் 'போ' என்னும் வினை இவ்வாறே துணைவினையாய்த் தேய்ந்து நிற்றல் காண்க.

(ஏ) போட்டியிடுதல். அமெரிக்காவில் ஒருவர் தேர்தலுக்கு 'ஓடுவார்', இங்கிலாந்தில் 'நிற்பார்'. ஒரே மொழியினர் ஒரே செயலை ஒருபால் ஓட்டமாகவும் மற்றொருபால் நிலையாகவும் கூறுவது வியப்பன்றோ! தமிழரும் 'தேர்தலில் நிற்கிறார்' என்றே கூறுகின்றோம்.

இனி, அடிச்சொல்லோடு சிறுசொற்கள் கூடுங்கால் பொருள் மேலும் விரிகின்றது. 'ரன் டவுன்' என்பது வேட்டைப் பொருளைத் துரத்திப் பிடித்தலையும், வண்டி மோதி வீழ்த்துதலையும், ஒருவரைப் பழித்துரைத்தலையும், கடிகாரம் விசை குன்றி நிற்றலையும் குறிக்கும். 'ரன் அப்' என்பது கடனைப் பெருக்குதல், கொடியை ஏற்றுதல், ஆடையை விரைவில் தைத்து முடித்தல் ஆகியவற்றைக் குறிக்கும். 'ரன் த்ரூ' என்பது வாளால் ஊடுருவக் குத்துதலையும், ஒத்திகை பார்த்தலையும், செல்வத்தை வீணே செலவழித்தலையும் குறிக்கும். இக்கூட்டுகளின் பொருளை உறுப்புகளின் பொருளைக் கூட்டிப் பெறுதல் அரிது. அகராதியில் இவை தனித்தனியே எண்ணப்பட வேண்டியனவாகின்றன.

5. பெயர்ச்சொல்லாக வரும்போது

வினையினின்றும் பிறந்த பெயர் தனக்கெனப் பொருள்களை வளர்த்துக்கொள்கின்றது. மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, கிரிக்கெட்டு ஆட்டத்தில் 'ரன்'. மட்டையாளர் இருவர் 22 கெஜ நீளமுள்ள தளத்தில் இருமுனையும் மாறி ஓடுதலே இச்சொல்லுக்கு அடிப்படை. பழங்காலத்தில் கணக்கர் ஒரு கோலில் வெட்டுக்குறி இட்டு எண்ணினமையின் 'வெட்டு' என்னும் பொருளுடைய சொல்லும் வழங்கிற்று. இன்று பந்து எல்லையைக் கடந்தால் நான்கோ ஆறோ கிடைக்கின்றது. ஆட்டக்காரர் ஓரடி எடுத்து வைக்க வேண்டுவதில்லை. எனினும் அவையும் 'ரன்' என்றே எண்ணப்படுகின்றன. செயலின் பெயர், அச்செயலால் பெற்ற அளவின் பெயராயிற்று. பின்னர் அச்செயல் இல்லாவிடத்தும் அளவுப்பெயர் நிலைத்தது. தமிழில் 'ஓட்டம்' என மொழிபெயர்த்துக் கொண்டபோதும் இதே நிலை தொடர்கின்றது.

இரண்டாவது, வங்கியின் மீது நிகழும் 'ரன்'. வங்கி நொடித்துவிடும் என அஞ்சி, வைப்பாளர் பலர் ஒரே காலத்தில் தம் பணத்தைத் திரும்பப் பெற முனைதலே இது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கியின் வாயில்களில் மக்கள் நீண்ட வரிசையில் மணிக்கணக்காக நின்றனர். நின்றதே 'ரன்' எனப்பட்டது. 2023 மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் ஏறத்தாழ 4,200 கோடி டாலரைத் திரும்பப் பெற வைப்பாளர் முயன்றனர். அவர்களுட் பலர் இருந்த இடத்திலிருந்தே கருவிகளின் வாயிலாக அதனைச் செய்தனர். ஓடியவரும் இலர், வரிசையில் நின்றவரும் சிலரே. சொல் மாறவில்லை, அதனாற் குறிக்கப்பட்ட நிகழ்ச்சியின் உருவே மாறிற்று.

மூன்றாவது, இடப்பொருள். கோழிகள் திரிதற்கு வேலியிட்ட இடம் 'ரன்' எனப்படும். ஆஸ்திரேலியாவில் ஆடுமாடுகள் மேயும் பெருநிலப் பரப்பிற்கும் இது பெயராயிற்று. தொழிலின் பெயர் அத்தொழில் நிகழும் இடத்திற்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்று கூறும் நெறி இவற்றுள் தெளிவாகக் காணப்படுகின்றது.

6. பொருளை எண்ணுவது எங்ஙனம்?

இனி முதல் வினாவிற்கு வருவோம். ஆறு ஓடுதலும் கண்ணீர் ஓடுதலும் ஒரு பொருளா, இரண்டா? ஒன்றெனக் கொள்பவர் எண்ணிக்கை குறையும். இரண்டெனக் கொள்பவர் எண்ணிக்கை மிகும்.

இதனைத் தெளிதற்கு மொழிநூலார் சில ஆய்வுமுறைகளைக் கூறுவர். ஒன்று, இருவேறு எழுவாய்களையோ செயப்படுபொருள்களையோ ஒரே வினையில் முடித்துப் பார்த்தல். 'சாலையும் ஆறும் தெற்கு நோக்கி ரன் செய்கின்றன' என ஆங்கிலத்திற் கூறின் தடையில்லை. 'அவர் ஒரு கடையையும் ஒரு நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தையும் ரன் செய்தார்' என்றாலோ கேட்போர் நகைப்பர். நகைப்பு எழுந்த இடத்தில் பொருள் இரண்டு என்று கொள்ளலாம். மற்றொன்று, ஒரே காலத்தில் உடன்படவும் மறுக்கவும் இயலுமா எனப் பார்த்தல். நிற்கும் காரை நோக்கி, எந்திரம் இயங்குவது கருதி 'ரன் செய்கின்றது' எனலாம். இடம் பெயராமை கருதி 'ரன் செய்யவில்லை' எனலாம். இரண்டும் உண்மையாதலின் பொருளும் இரண்டாம்.

ஆயினும் இம்முறைகள் எல்லாவிடத்தும் திட்டமான விடை தருவனவல்ல. சாலையையும் ஆற்றையும் ஒருங்கே முடித்த தொடர் தடையின்றிச் சென்றமையால் இரண்டும் ஒரே பொருள் ஆகிவிடுமா? ஆறு உண்மையில் ஒழுகுவது, சாலை ஒழுகாதது. அத்தொடரில் ஆறும் சாலையைப் போன்றே கிடக்கும் திசை பற்றிக் கூறப்பட்டது என்பர் ஒருசாரார். அங்ஙனமாயின் 'ஆறு' என்னும் ஓர் எழுவாயே இடத்திற்கேற்ப இரு பொருளைத் தூண்டுகின்றது என்றாகும். ஒரு பொருள் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் கோடு கிழித்தல் இயலாததாகின்றது.

இவ்வுண்மையை எண்களே காட்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் தொகுத்த 'வோர்டுநெட்' என்னும் சொற்பொருள் தொகுப்பில் 'ரன்' என்னும் வினைக்கு 41 பொருள்களே கூறப்படுகின்றன. அங்கே 41, இங்கே 645. மொழி ஒன்றே, சொல்லும் ஒன்றே. வழக்கொழிந்த பொருள்களையும், ஒவ்வொரு பொருளும் தோன்றிய காலத்தையும் காட்டுதல் பேரகராதியின் கடன். ஆதலின் அது நுணுக்கமாகப் பகுக்கின்றது. இற்றை வழக்கில் ஒரு பொருட் பன்மொழிகளை இணைத்துக் காட்டுதல் மற்றதன் கடன். ஆதலின் அது தொகுக்கின்றது. ஆடம் கில்கரிஃப் என்னும் அகராதியியல் அறிஞர் 1997 இல் எழுதிய கட்டுரையில், சொற்பொருட் பகுப்பு ஏதேனும் ஒரு பயன் கருதியே அமையும். பயனை நீக்கிப் பார்த்தால் தானே நிற்கும் பகுப்பு என்று ஒன்று இல்லை என வாதிட்டார். அவர் கூற்று 'ரன்' என்னும் சொற்கு முற்றும் பொருந்துகின்றது.

ஆகவே 645 என்பது பொய்யான எண் அன்று. ஆனால் மலையின் உயரம் போல அளந்தறிந்த எண்ணும் அன்று. ஒரு நிலப்பரப்பை ஒருவர் வருவாய் கருதி வட்டங்களாகப் பகுக்கின்றார். மற்றொருவர் மண்வகை கருதிப் பகுக்கின்றார். பகுப்புகளின் தொகை வேறுபடும், நிலம் வேறுபடாது. அது போன்றதே இதுவும்.

7. ஒரு சொல்லா, பல சொல்லா?

பலபொருள் குறித்த ஒரு சொல்லையும், ஒலியால் ஒத்துப் பிறப்பால் வேறான பல சொற்களையும் பிரித்தறிதல் வேண்டும். முன்னதன் தன்மைக்கு 1897 இல் மிஷேல் பிரேயால் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் சொற்பொருளியல் நூலில் பெயரிட்டு விளக்கம் தந்தார். தமிழில் 'ஓடு' என்பது வினை. ஆமையின் ஓடும் கூரையின் ஓடும் பெயர். 'அவனோடு' என்பதில் வேற்றுமை உருபு. வினையும் பெயரும் உருபும் ஒரு சொல்லின் பல பொருள்கள் என எவரும் கொள்ளார். 'ரன்' என்பதோ எத்துணைக் கிளை விரிந்தாலும் ஒரே வேரினதாகக் கொள்ளப்படுகின்றது.

வேர் ஒன்றாதலும் வேறாதலும் பேசுவோர் உணர்வோடு எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. ஆங்கிலத்தில் ஆற்றங்கரையைக் குறிக்கும் 'பேங்க்' என்பதும் பணம் வைக்கும் 'பேங்க்' என்பதும் இன்று தொடர்பற்ற சொற்களாகவே உணரப்படுகின்றன. ஆராயின், பின்னது இத்தாலிய மொழி வழியாக வந்ததேனும், இரண்டும் இறுதியில் ஒரு ஜெர்மானிய வேரையே சென்று சேர்கின்றன. இதற்கு மாறாக, செவியைக் குறிக்கும் 'இயர்' என்பதும் கதிரைக் குறிக்கும் 'இயர்' என்பதும் வேறு வேறு வேரின. பேசுவோர் பலர் அவற்றை உவமையால் தொடர்புடைய ஒரே சொல்லெனக் கருதுவர். எனவே வரலாறு ஒன்றனையே கொண்டு இற்றைப் பொருளுறவைத் துணிதல் பிழையாய் முடியலாம்.

8. பொருள் துணிதற்குரிய கருவிகள்

இத்துணைப் பொருள் மயக்கம் உள்ள சொல்லை ஆங்கிலம் பேசுவோர் எவ்வாறு இடர்ப்பாடின்றி ஆள்கின்றனர்? பேச்சில் இச்சொல் தனித்து வருவதில்லை என்பதே விடை. ஆற்றோடு வந்தால் ஒழுகுதல். கடையைச் செயப்படுபொருளாகக் கொண்டால் நடத்துதல். 'வறண்ட' என்னும் அடையோடு வந்தால் ஆதல். ஒரு சொல்லை அதனோடு கூடி வரும் சொற்களைக் கொண்டே அறிதல் வேண்டும் என்று ஜே. ஆர். ஃபர்த் என்னும் ஆங்கில மொழிநூலார் 1957 இல் வற்புறுத்தினார்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் பலபொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என இருவகைப்படுத்துகின்றார். முன்னதன் பொருள் வினை, இனம், சார்பு என்னும் மூன்றானும் தெளியப்படும் என்பது அவர் கருத்து. 'மா' என்பது பூத்தது எனின் மரம். ஓடிற்று எனின் விலங்கு. வினையால் வேறுபடாதவிடத்து, அஃதாவது 'மா வீழ்ந்தது' என்றாற் போல்வனவற்றில், இன்னதென்று கிளந்து கூறல் வேண்டும் என்பர்.

இதனைக் கொண்டு ஐரோப்பியர் கண்டன அனைத்தையும் நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று பெருமை பேசுதல் ஆராய்ச்சிக்கு ஏலாது. தொல்காப்பியர் ஈண்டு எடுத்துக்கொண்டது பெரும்பான்மையும் பெயர்ச்சொல்லின் மயக்கம். அதனை வினை தெளிவிக்கின்றது. 'ரன்' என்பதில் மயங்குவதே வினை. அதனைத் தெளிவிப்பது பெயர். திசை தலைகீழானது. எனினும் வினை, இனம், சார்பு என்னும் முப்பகுப்பு இங்கும் பயன் தருகின்றது. 'வினை' நின்ற இடத்தில் 'முடிக்கப்படும் பெயர்' என்பதனை வைத்தால், பொருள் துணியும் முதற் கருவி கிடைக்கின்றது. இனம் என்பது உடன் எண்ணப்படும் சொற்களைக் காட்டுகின்றது. சார்பு என்பது பேச்சு நிகழும் சூழலைக் காட்டுகின்றது. ஆட்டக்களத்தில் 'ரன்' என்ற கூச்சலும், வங்கிச் செய்தியில் வரும் 'ரன்' என்ற தலைப்பும் சார்பு ஒன்றாலேயே வேறுபடுகின்றன.

9. அகராதிக்கும் மொழிபெயர்ப்பிற்கும் பயன்

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாது? ஆங்கிலம்-தமிழ் அகராதியில் 'ரன்' என்பதற்கு நேராக 'ஓடு, ஒழுகு, இயங்கு, நடத்து, நீள், போட்டியிடு' என வெறுமனே வரிசைப்படுத்திவிட்டால், மாணவன் எதனை எங்கே கொள்வான்? அவன் முதலில் நிற்பதைக் கொள்வான். 'அவர் பள்ளியை ஓடுகிறார்' என எழுதமாட்டான். 'ஓட்டுகிறார்' என எழுதிவிடக் கூடும். தமிழில் வண்டியை ஓட்டுகின்றோம்; பள்ளியை நடத்துகின்றோம். ஆங்கிலத்தார் ஓடச் செய்வதைத் தமிழர் நடக்கச் செய்கின்றனர். கூட்டம் நடக்கின்றது, திருமணம் நடக்கின்றது, வழக்கும் நடக்கின்றது. ஆங்கிலத்தில் 'ரன்' தாங்கும் சுமையின் ஒரு பகுதியைத் தமிழில் 'நட' என்பதும், ஒரு பகுதியைச் 'செல்' என்பதும், ஒரு பகுதியைப் 'போ' என்பதும் தாங்குகின்றன. எனவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் நேர்நிலை ஒருபோதும் அமையாது.

இருமொழி அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய கூட்டாளிச் சொற்களையும் உடன் தருதல் வேண்டும். ஆறு, கண்ணீர் என்பவற்றோடு வரும்போது இது. கடை, பள்ளி என்பவற்றைக் கொள்ளும்போது இது எனக் காட்டுதல் வேண்டும். பொருள்களின் தொகையை மிகுத்துக் காட்டுதலினும் இது பயனுடைத்து. பலபொருள் வினைகளுக்குப் பொருள் வரையும் தமிழ் அகராதிகளுக்கும் இஃது ஏற்புடைத்து. 'எடு', 'விடு', 'போடு', 'பிடி' என்பன போன்ற எளிய வினைகள் எத்தனை எத்தனை பெயர்களோடு கூடி எவ்வெப்பொருள் தருகின்றன என்பதனை, இலக்கிய வழக்கோடு பேச்சு வழக்கும் தழுவித் தொகுத்து ஆராய்தல் வேண்டும். படம் பிடித்தலும் மழை பிடித்தலும் அடம் பிடித்தலும் ஒரு பொருளாகா என்பது வெளிப்படை. ஆயின் அவை எத்தனை பொருள் என்று கூறப் புகுவார்க்கு மேலே கூறிய இடர்ப்பாடுகள் அனைத்தும் எதிர்ப்படும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன: 'ரன்' என்னும் சொல்லின் பொருட்பெருக்கத்திற்கு, ஒழுகுதலும் ஓடுதலும் தொடக்கத்திலேயே ஒருங்கு நின்றமை, தன்வினை பிறவினை வேறுபாடு வடிவில் மறைந்தமை, சிறுசொற்களோடு கூடும் இயல்பு, ஆகுபெயராய்ப் பெருகும் இயல்பு, வழக்கு மிகுதி ஆகியன காரணங்களாம். அதன் பொருள்களின் எண்ணிக்கை, எண்ணுவாரது நோக்கத்தைப் பொறுத்து வேறுபடும். எண்ணிக்கை வேறுபடினும், பொருள் துணியும் நெறி வேறுபடுவதில்லை. அது சொல்லின் சுற்றத்தைச் சார்ந்தது.

'ரன்' என்பதற்கு 'ஓடு' எனப் பொருளுரைத்த ஆசிரியர் பிழை செய்தாரல்லர். ஆயினும் அப்பொருளோடு ஓர் ஆற்றையும் ஒரு கடையையும் சேர்த்துக் கூறியிருப்பின், மாணவன் அச்சொல்லின் போக்கை அன்றே உணரத் தொடங்கியிருப்பான். தமிழ் வினைகளுக்குப் பொருள் எழுதுவோர் கருத வேண்டுவதும் இதுவேயாகும்.